மூன்று கேட்டால் இரண்டு காட்டும் கால்குலேட்டர்

நண்பரின் மகளுக்குப் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. சமன்பாட்டைத் தீர்க்கும் வசதியுள்ள சயின்டிஃபிக் கால்குலேட்டர் வாங்கலாமா என்று கேட்டார். என்னுடையது அண்மையில்தான் பழுது நீங்கி வந்தது. சமக்குறிப் பொத்தானை எவ்வளவு அழுத்தினாலும் பதிவாகவில்லை. கடைக்காரர் பிரித்து, உள்ளே இருந்த ரப்பர் தகட்டைத் துடைத்துக் கொடுத்தார். இப்போது பொத்தானில் குறையில்லை, திரையில் குறையில்லை. என் கோபம் வேறு.

மாலை வேளைகளில் பிளஸ் டூ, பொறியியல் முதலாண்டு மாணவர்களுக்குக் கணிதம் சொல்லித் தருகிறேன். முதலாண்டில் அணியின் ஐகன் மதிப்பு (அணியால் பெருக்கும்போது திசை மாறாத வெக்டர் எத்தனை மடங்காகிறது என்பதைச் சொல்லும் எண்) கண்டுபிடிக்கும்போதுதான் இந்தக் கருவியைப் பிள்ளைகள் அதிகம் எடுக்கிறார்கள். வழக்கமாக வரும் கணக்கு ஒன்று: நிரைகள் (2, 2, 1), (1, 3, 1), (1, 2, 2). ஐகன் மதிப்புகளை மூலங்களாக, அதாவது தீர்வுகளாகக் கொண்ட சிறப்புச் சமன்பாட்டின் கெழுக்கள் 1, −7, 11, −5. வரிசையாகக் கொடுத்து அழுத்தினால் 5 என்று ஒரு மூலம், 1 என்று ஒரு மூலம். அவ்வளவுதான். முப்படிச் சமன்பாட்டுக்கு மூன்றாவது மூலம் எங்கே? 1 இரண்டு முறை வருகிறது என்பதைச் சொல்ல அந்தத் திரையில் இடமா இல்லை?

மாணவன் இரண்டு மதிப்புகளையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஐகன் வெக்டர் (அப்படித் திசை மாறாத வெக்டர்) கண்டுபிடித்து, கணக்கு முடிந்தது என்று நோட்டை மூடிவிடுகிறான். உண்மையில் அணியின் மூலைவிட்டத்தில் 1-ஐக் கழித்தால் மூன்று நிரைகளும் ஒரே மாதிரி 1, 2, 1 என்று ஆகிவிடும். அதனால் 1 என்ற மதிப்புக்கு மட்டும் ஒன்றையொன்று சாராத இரண்டு வெக்டர்கள் உண்டு. அதைத் தவறவிட்டால் மூலைவிட்டத்தைத் தவிர மற்ற இடமெல்லாம் பூச்சியமான மூலைவிட்ட அணியாக மாற்றும் அடுத்த பகுதி அப்படியே நின்றுபோகும்.

இத்தனைக்கும் சரிபார்ப்பது விரல்விட்டுக் கூட்டும் வேலை. மூலங்களின் கூடுதல், இரண்டாம் கெழு −7-இன் குறியை மாற்றினால் கிடைக்கும் 7 வர வேண்டும். 5 + 1 = 6; இன்னொரு 1 தேவை. குறி விதி தெரிந்தவனுக்கு அதுவும் வேண்டாம். பிரெஞ்சு அறிஞர் டெகார்ட் 1637-லேயே எழுதி வைத்துவிட்டார்: இந்தக் கெழுக்களில் குறி மூன்று முறை மாறுகிறது, எனவே மிகை மூலங்கள், திரும்ப வருவதையும் சேர்த்து எண்ணினால், மூன்று அல்லது ஒன்று. இரண்டு என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் என் கால்குலேட்டர் ஒவ்வொரு முறையும் இரண்டைக் காட்டிவிட்டு நிம்மதியாக முதல் திரைக்குத் திரும்பிவிடுகிறது.

நல்லதையும் சொல்ல வேண்டும். கலப்பெண் மூலங்களை, அதாவது √−1 கலந்த மூலங்களைக் காட்டும் விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். 1, 0, 0, −1 (அதாவது x³ − 1 = 0) என்று கொடுத்தால், கலப்பெண் அமைப்பு (செட்டிங்) அணைந்திருக்கும்போது 1 மட்டும் வரும். அமைப்பை இயக்கினால் −0.5-உடன் ±0.8660254038 கற்பனைப் பகுதி சேர்ந்து இணை மூலங்கள் இரண்டும் வந்து நிற்கும். ‘கற்பனை’ என்றாலே மிரளும் பிள்ளைகள் அதைப் பார்த்ததும் சற்றுத் தெளிகிறார்கள். அந்தத் தசமம் √3-இன் பாதி என்பதை மட்டும் கருவி சொல்லாது, நாம்தான் சொல்ல வேண்டும். ஆனால் விடைத்தாளில் தசமம் எழுதினால் மதிப்பெண் போய்விடும். 1, 0, −15, −4 என்ற சமன்பாட்டிலும் இதே கதை. 4 பளிச்சென்று வரும். மற்ற இரண்டும் −0.2679491924, −3.732050808 என்று நீளும். 4-ஐ வைத்துத் தொகுமுறை வகுத்தல் (கெழுக்களை மட்டும் எழுதி வகுக்கும் சுருக்கு வழி) செய்தால் ஈவு 1, 4, 1. அதிலிருந்து −2 ± √3 இரண்டே வரியில் வந்துவிடுகிறது. இத்தாலியக் கணித அறிஞர் பொம்பெல்லி 1572-இல் கலப்பெண் வழியாகச் சுற்றிச் சென்று 4-ஐ எட்டிய அதே சமன்பாடு இது.

நான்காம் படியோடு கருவி நின்றுவிடுகிறது என்று பலர் குறை சொல்கிறார்கள். எனக்கு அது குறையாகப் படவில்லை. ஐந்தாம் படித் தலைகீழ் சமன்பாட்டுக்கு (கெழுக்களை முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாகவோ, குறி மட்டும் மாறியோ வருவது) 1 அல்லது −1 கட்டாயம் ஒரு மூலம். ஒரு முறை வகுத்தால் படி நான்காகிவிடும்.

வேகம் நன்று, உழைப்பு நன்று, ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்க்கு விலையும் நியாயம். பொறியியல் தேர்வில் அனுமதியும் உண்டு. பிளஸ் டூ பொதுத்தேர்வு அறைக்குள்தான் கொண்டுபோக முடியாது. இவ்வளவையும் நண்பரிடம் சொல்லிவிட்டு, வாங்க வேண்டாம் என்றும் சொன்னேன். அன்று மாலைதான் இன்னொரு மாணவன் 5, 1 என்று எழுதி நோட்டை நீட்டியிருந்தான். நண்பரின் மகள் ஏற்கெனவே கடைக்குப் போய் இதே மாடலை வாங்கிவிட்டாளாம். சரி, கலப்பெண் அமைப்பை இயக்கி வைத்துவிட்டு, மூலங்களை ஒருமுறை கூட்டிப் பார்த்த பிறகு விடை எழுதச் சொல்லுங்கள் என்றேன்.