கல்யாணப் படங்களுக்கு வாங்கிய ஹார்ட் டிஸ்க்

செங்கோட்டையில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். பாதிக் கல்யாணங்கள் புனலூர், தென்மலைப் பக்கம்தான். பேக்கப்புக்கு டபிள்யூ.டி. (வெஸ்டர்ன் டிஜிட்டல்) கம்பெனியின் மை பாஸ்போர்ட் ஹார்ட் டிஸ்க், 2 டிபி (டெராபைட்) வாங்கினேன். விண்டோஸில் 1.81 என்றுதான் காட்டும். ஏமாற்று இல்லை, கேபி, எம்பி, ஜிபி என்று ஒவ்வொரு படிக்கும் கம்பெனி ஆயிரத்தை வைத்துக் கணக்குப் போடுகிறது, விண்டோஸ் 1024-ஐ வைத்து.

தனி அடாப்டர் வேண்டாம், யூ.எஸ்.பி. மின்சாரமே போதும். கரண்ட் போனாலும் லேப்டாப்பில் வேலை நடக்கும். பெரிய 3.5 அங்குல டிஸ்க்கை நான் எடுக்காததற்கு இதுதான் காரணம். நீளமான வீடியோ சீராக ஏறுகிறது. ஆயிரக்கணக்கில் சின்னச் சின்ன படங்கள் என்றால் திணறும், டீ குடித்துவிட்டு வரலாம். உள்ளே தட்டு சுழல்வதால் ஓடும்போது அசைக்கவே கூடாது. பைக்கில் தூக்கிக்கொண்டு அலைகிறவர்கள் சுழலும் தட்டே இல்லாத எஸ்.எஸ்.டி. வாங்குங்கள், விலை கூடத்தான்.

பாஸ்வேர்டு வசதி உண்டு. மறந்துவிட்டால் எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தான் மறுபடி பயன்படுத்தலாம். எனக்கு அந்த வம்பே வேண்டாம்.

வாரண்டி 3 வருடம், ஆனால் டிஸ்க்குக்கு மட்டும். உள்ளே இருக்கும் படத்துக்கு யார் பொறுப்பு? மறுபடி தாலி கட்டச் சொல்ல முடியுமா? அதனால் வேறொரு கம்பெனி டிஸ்க்கில் இன்னொரு பிரதி வீட்டில் இருக்கிறது, சாரல் காலத்து ஈரத்துக்காகச் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில்.