கிளிப்பச்சையில் ஒரு காயத் தைலம்: வாங்கி ஏமாறாதீர்கள்

"வெட்டுக்காயப் பூண்டுச் சாறு, தேங்காயெண்ணெய். வேற எதுவும் கிடையாது, காய்ச்சி இறக்கினது." இப்படிச் சொல்லி விற்ற தைலம். (வெட்டுக்காயப் பூண்டு என்பது காயத்துக்குத் தடவும் ஒரு மூலிகைச் செடி.) சிராய்ப்பில் தடவியதும் எரிச்சல், மூன்றாம் நாள் சீழ். கேட்டால் "எரிஞ்சாத்தான் விஷம் இறங்கும்" என்று பதில். புட்டியைச் சோதித்ததில் தெரிந்தது இது.

நிறமே காட்டிக்கொடுத்துவிட்டது. இலைச்சாறு எண்ணெயில் நீர் வற்றக் கொதிக்கும்போது பச்சையம் கெட்டு, தைலம் பாசி நிறத்தில்தான் இறங்கும். காய்ச்சியும் கிளிப்பச்சை என்றால் சாயத்தையோ துருசையோ (காப்பர் சல்பேட்) சந்தேகப்படுங்கள். (ஊமத்தைச் சாறும் துருசும் சேரும் மத்தன் தைலம் பச்சையாக இருப்பது முறைதான். அதை அதன் பெயரைச் சொல்லி விற்க வேண்டும்.) ஒரு ஸ்பூன் தைலத்தை அரை டம்ளர் வெந்நீரில் விட்டுக் குலுக்கி வைத்தால், எண்ணெய் மேலே ஒதுங்கி, அடித்தண்ணீர் பச்சையாக நிற்கிறது. பச்சையம் தண்ணீரில் கரையாது, தண்ணீரில் இறங்கியது சாயம். தண்ணீர் தெளிவாக இருந்தாலும் நம்பிவிட முடியாது, எண்ணெயில் கரையும் சாயம் இதில் சிக்காது.

தேங்காயெண்ணெயும் பொய். 24 டிகிரிக்குக் கீழே உறைய வேண்டியது, ஃப்ரிட்ஜில் ஓர் இரவு இருந்தும் தண்ணியாகவே கிடந்தது.

இதையெல்லாம் விட மோசம், பதம் தப்பியது. திரியை நனைத்துக் கொளுத்தினால் சடசடவென்று பொரிகிறது. நீர் வற்றவில்லை என்று அர்த்தம். ஈரம் தங்கிய தைலத்தில் சாற்றின் கசடு அடியில் தேங்கி, பூஞ்சையும் கிருமியும் வளரும். அதைத் திறந்த புண்ணில் விட்டால் சீழ் பிடிப்பதில் ஆச்சரியம் என்ன? பதம் தெரிந்தவர் கசடை எடுத்து விரலிடையில் உருட்டுவார். மெழுகு போலத் திரள வேண்டும், தீயில் போட்டால் சத்தம் வரக்கூடாது. அதுவரை இறக்கமாட்டார்.

ஒரே நாளில் சிவப்பும் அரிப்பும் மறைந்துவிடும் 'மூலிகை க்ரீம்' இன்னொரு வகை. இப்படி விற்றவற்றில் குளோபெட்டசால் போன்ற ஸ்டீராய்டு பிடிபட்டிருக்கிறது. அது தோலை மெலிதாக்கும், புண் ஆறுவதையும் தாமதப்படுத்தும்.

சிராய்ப்பை முதலில் ஓடும் தண்ணீரில் மண் போகக் கழுவுங்கள். ஆழமான வெட்டு, விலங்குக் கடி, பரவும் சிவப்பு, காய்ச்சல் என்றால் எந்தத் தைலமும் வேண்டாம், மருத்துவரிடம் போங்கள். டெட்டனஸ் ஊசி தேவையா என்பதை அவர் சொல்வார். சேர்மானமும் காய்ச்சிய தேதியும் எழுதாத புட்டியைத் திறப்பதற்கு முன்பே திருப்பிக் கொடுங்கள். இந்தப் புட்டிக்குக் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்டபோது வந்த பதில்: "மூடியைத் திறந்தாச்சே."