டிஎன்பிஎல் பையன்களைக் கட்ட கிரிக்கெட் 24 அகாடமி போதுமா?

கிரிக்கெட் 24 வீடியோ கேமில் டிஎன்பிஎல், அதாவது தமிழ்நாடு பிரீமியர் லீக், கிடையாது. மெல்போர்னின் பிக் ஆண்ட் ஸ்டுடியோஸ் செய்து, 2023 அக்டோபரில் நேகான் வெளியிட்ட இந்த கேமில் பிக் பேஷ் இருக்கிறது, தி ஹன்ட்ரட் இருக்கிறது, கரீபியன் லீக்கும் இருக்கிறது. சேப்பாக்கம், திண்டுக்கல் அணிகள் வேண்டுமென்றால், ஆட்களையும் அணிகளையும் உருவாக்கும் அகாடமி பகுதிக்குள் போய் நாமே கட்டிக்கொள்ள வேண்டியதுதான். கீழக்கரை, தொண்டி, தேவிபட்டினம் பக்கம் துபாய்ப் பெட்டியில் வந்திறங்கிய பிஎஸ்5-களில் பலரும் இந்த வேலையைத்தான் பார்க்கிறார்கள் என்பதால், இங்கே அகாடமியை மட்டும் எடைபோடுவோம்.

ஆளைக் கட்ட நல்ல கருவி. ஆளின் தரத்தை அளக்க மட்டும் எந்த ஒத்தாசையும் செய்யாது. எல்லோரும் சறுக்குவது அங்கேதான்.

முதலில் பெயர். ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும். முதல் பெயர், குடும்பப் பெயர் என இரண்டு கட்டம். நம் இனிஷியல் இதில் எங்கே உட்காரும்? ஸ்கோர்போர்டில் பெரிதாகத் தெரிவது குடும்பப் பெயர்க் கட்டம். எனவே இனிஷியலை முதல் கட்டத்திலும், ஆளின் சொந்தப் பெயரை இரண்டாவதிலும் போடுங்கள். நடராஜனை மாற்றிப் போட்டால் அப்பா பெயர் விக்கெட் எடுத்துக்கொண்டிருக்கும். வர்ணனையில் சொல்லும் பெயர் தனி. அதற்கென்று உள்ள பட்டியலில் இருந்தால்தான் வாயில் வரும். பட்டியலில் இல்லையென்றால் ஏதோ ஒரு நெருங்கிய பெயரைத் திணிக்காமல் காலியாக விடுவதே மேல்.

அடுத்தது திறன் எண்கள். மற்றவர்கள் செய்து பகிர்ந்த அணிகளை இறக்கினால் வேலை மிச்சம் என்று தோன்றும். இறக்கிப் பாருங்கள்: ஓப்பனருக்கு 88, ஒன்பதாவது ஆளுக்கு 79. பாசத்தில் போட்ட மார்க். இந்த அணியை ஒரு டெஸ்ட் நாட்டோடு மோதவிட்டால் திண்டுக்கல் ஆஸ்திரேலியாவை உருட்டிவிடும். கேட்க நன்றாக இருக்கும், ஆட்டம் சப்பென்று போகும்.

இதற்கு அமெரிக்க பேஸ்பால்காரர்களிடம் ஒரு வழி இருக்கிறது. அங்கே மைனர் லீக் எனும் கீழ்நிலை லீக் பையன்களை மதிப்பிடும் ஸ்கவுட்டுகள் 20 முதல் 80 வரை ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள். 50 என்றால் மேஜர் லீக் சராசரி. ஒவ்வொரு திறனுக்கும் இரண்டு எண்: இன்று எவ்வளவு, முதிர்ந்தால் எவ்வளவு. அவர்களுடைய எம்எல்பி தி ஷோ கேமில் இன்றைய திறன் ஒரு பக்கம், பொட்டென்ஷியல் என்று தனியாக ஒன்று இன்னொரு பக்கம். நம் அகாடமியில் நிரப்புவது இன்றைய எண் மட்டுமே. எதிர்கால எண்ணை ஒரு நோட்டில் எழுதிவைத்து, சீசன் முடிந்ததும் நாமே ஏற்றவோ இறக்கவோ வேண்டும்.

அளவுகோலில் 50 என்பதை டிஎன்பிஎல் சராசரியாக வைத்துக்கொள்ளுங்கள். அதை கேமின் 62 ஆக்குங்கள். பத்துப் புள்ளிக்கு ஆறு வீதம் ஏற்றி இறக்கினால் 40 என்பது 56, 60 என்பது 68, 70 என்பது 74. உச்சமான 80 மட்டும் அப்படியே 80. அதற்கு மேல் உள்ளூர் ஆள் யாருக்கும் போடக் கூடாது. சர்வதேச ஆட்களுக்கு 80-க்கு மேலே இடம் ஒதுக்கிவைக்கத்தான் இந்தக் கட்டுப்பாடு.

எண்ணை எதிலிருந்து எடுப்பது? ஒரு சீசன் ரன் கணக்கைப் பார்த்து ஏமாறாதீர்கள். சாய் சுதர்சன் 2021-இல் கோவைக்காக எட்டு ஆட்டத்தில் 358 ரன் எடுத்தார். வயது 19. எட்டு ஆட்டத்தை வைத்து 75 போடுவது அவசரம். அன்றைய தேதிக்கு அளவுகோலில் 55, எதிர்காலத்துக்கு 70 என்று நோட்டில் குறித்திருந்தால் சரியாக இருந்திருக்கும். 2025 ஐபிஎல்லில் 759 ரன் எடுத்து ஆரஞ்சுத் தொப்பி வாங்கியது அந்த இரண்டாவது எண்.

பவுலருக்கு விக்கெட் எண்ணிக்கை இன்னும் மோசமான வழிகாட்டி. வருண் சக்கரவர்த்தி 2018-இல் மதுரைக்காக எடுத்தது 9 விக்கெட்தான், ஆனால் ஓவருக்கு ஐந்து ரன்கூடக் கொடுக்கவில்லை. அந்த டிசம்பர் ஏலத்தில் பஞ்சாப் 8.4 கோடி கொடுத்தது எதைப் பார்த்து? எக்கானமியைப் பாருங்கள், துல்லியத்துக்கு அதிகமாகவும், பந்தைத் திருப்பும் திறனுக்கு நடுத்தரமாகவும் போடுங்கள். லெக் ஸ்பின் என்று வகையைத் தேர்ந்தெடுத்துவிட்டு எல்லாத் திறனையும் ஒரே அளவுக்கு இழுத்துவிட்டால், வருண் வரமாட்டார், எந்த ஊரிலும் கிடைக்கிற லெக் ஸ்பின்னர் ஒருவர் வருவார்.

முகத்தில் நேரத்தைக் கொட்டாதீர்கள். தாடை, மூக்கு எல்லாம் இழுத்துத் தள்ளலாம், ஆனால் ஆடும்போது தெரிவது முதுகும் ஹெல்மெட்டும். உயரம், தோள் அகலம், நிற்கும் விதம், பந்துவீச்சு ஆக்‌ஷன் இந்த நான்கும் சரியாக இருந்தால் போதும். சாய் கிஷோரை முகத்தை வைத்தா அடையாளம் காண்கிறோம், அந்த உயரத்தை வைத்துத்தானே? ஆளுக்கு இருபது நிமிடம் என்றால் எட்டு அணி, அணிக்கு 15 பேர், மொத்தம் 40 மணி நேரம். முகத்தை விட்டுவிட்டால் ஆளுக்கு எட்டு நிமிடம், 16 மணி நேரத்தில் முடியும்.

கட்டி முடித்ததும் உடனே ஆட உட்காராதீர்கள். எட்டு அணி லீக் போட்டு, 28 லீக் ஆட்டமும் பிளே ஆஃப் நான்கும் ஆடாமலே ஓடவிட்டு ஸ்கோர்களைப் பாருங்கள். முதல் இன்னிங்ஸ் தொடர்ந்து 200 தாண்டினால் எல்லா பேட்ஸ்மேனுக்கும் மூன்று புள்ளி குறையுங்கள். 120-க்குள் சுருண்டால் பவுலர்களின் புள்ளியைக் குறையுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் தொட்டால் எது எதைக் கெடுத்தது என்று தெரியாது. கேமுக்கு அப்டேட் வந்தாலும் இந்த ஓட்டத்தை ஒருமுறை திரும்பச் செய்வது நல்லது.

நம் பக்கத்து ஆட்களுக்கு ஒரு யோசனை. ராமநாதபுரத்துக்கு டிஎன்பிஎல் அணி வாய்க்கவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் இருந்த காரைக்குடி காளையும் திருப்பூருக்குப் போய்விட்டது. அந்தத் திருப்பூர்தான் 2025-இல் கோப்பை தூக்கியது, வயிற்றெரிச்சல். அகாடமியில் காளையை மறுபடி எழுப்பலாம்: லோகோ, ஜெர்சி எல்லாம் வடிவங்களை அடுக்கிச் செய்துகொள்ளலாம். ஆனால் கண்மாய்க்குள் ஆடுகிற டென்னிஸ் பந்து ஆட்டம் வேண்டுமென்றால் கிடைக்காது. பிட்சை எவ்வளவு கட்டாந்தரையாக்கினாலும் பந்து லெதர் பந்தாகத்தான் எழும்பும்.

கடைசியாக, கடற்கரை வீட்டுக்கே உரிய இரண்டு தொல்லை. சேவ் ஆகும் நேரத்தில் கரண்ட் போனால் ஃபைல் கெட்டுப்போகலாம். ஐந்து ஆளுக்கு ஒருமுறை சேவ் செய்யுங்கள், ஒரு சின்ன யுபிஎஸ் மாட்டுங்கள், ஓர் அணி முடிந்ததும் ஆன்லைனில் ஏற்றிவையுங்கள். இன்னொன்று உப்புக் காற்று. ஜன்னலோரம் கிடக்கும் கன்ட்ரோலரின் சார்ஜிங் முனையில் பச்சை பூக்கும், ஸ்டிக் தானாக நகரத் தொடங்கும், அகாடமியில் திறன் எண்ணை 62-இல் நிறுத்தப் பார்த்தால் 64-க்கு ஓடும். ஆடி முடித்ததும் மூடியுள்ள டப்பாவில், இரண்டு சிலிகா ஜெல் பொட்டலத்தோடு போட்டுவையுங்கள். மாதம் ஒருமுறை பொட்டலத்தை மாற்றுங்கள், கச்சான் காற்று வீசும் மாதங்களில் இரண்டு முறை.