ஓய்வு யோகாவுக்குத் திண்டு: எது தாங்கும், எது காலை வாரும்

ரெஸ்டோரேடிவ் யோகா எனப்படும் ஓய்வு யோகாவில் உடம்பை முறுக்கவோ நீட்டிப் பிடிக்கவோ வேண்டியதில்லை. ஒரே நிலையில் 10, 15 நிமிடம் கிடக்க வேண்டும், அவ்வளவுதான். எந்தத் தசைக்கும் வேலை இருக்கக் கூடாது. அப்போதுதான் மூச்சு நிதானப்பட்டு, நாடித்துடிப்பு இறங்கி, நம்மை அறியாமல் இறுக்கி வைத்திருக்கும் தாடையும் தோளும் அடிவயிறும் தளரும். யோகா ஆசான் பி.கே.எஸ். ஐயங்கார் திண்டு, கட்டை, கம்பளி எல்லாவற்றையும் ஆசனத்துக்குத் துணையாகக் கொண்டுவந்தார். அவரிடம் பயின்ற ஜூடித் லாசட்டர் அந்த வழியில் ஓய்வு யோகாவைப் பரவலாக்கினார். திண்டு சரியில்லையென்றால் இதில் பாதிப் பலன் போய்விடும்.

கடைகளில் இரண்டு வடிவம் கிடைக்கும். உருண்டைத் திண்டு 22 முதல் 25 செ.மீ. விட்டம் இருக்கும். செவ்வகத் திண்டு ஏறக்குறைய 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 15 செ.மீ. உயரம். முதல்முறை வாங்குபவர்கள் செவ்வகத்தையே வாங்குங்கள். உருண்டையில் முதுகெலும்பு மட்டும்தான் பதியும். இரண்டு பக்க விலாவும் அந்தரத்தில் நிற்கும். உருண்டுவிடுவோமோ என்று உடம்பு காவல் காத்துக்கொண்டே இருந்தால் ஓய்வு எங்கிருந்து வரும்? முழங்காலுக்கு அடியில் வைக்க மட்டும் உருண்டை அருமையாகப் பொருந்தும்.

உள்ளே என்ன அடைத்திருக்கிறது என்பது இன்னும் முக்கியம். மெத்தென்ற ஃபோம் தொட்டுப் பார்க்கும்போது சுகமாக இருக்கும். படுத்த கொஞ்ச நேரத்தில் இடுப்புப் பக்கம் அமுங்கிப் பள்ளமாகும். இலவம்பஞ்சு எடை குறைவு, ஆனால் நாளடைவில் படிந்துவிடும். இறுக்கி அடைத்த பருத்திதான் தினசரிப் பயிற்சிக்கு நிற்கும். கனம் அதிகம், ஈரத்தையும் இழுக்கும்; அவ்வப்போது வெயிலில் போட்டுத் தட்டினால் போதும். கழற்றித் துவைக்கும் உறை கட்டாயம். வாங்குமுன் மேலே உட்கார்ந்து பாருங்கள்: உயரத்தில் கால்வாசிக்கு மேல் அமுங்கினால் வேண்டாம்.

மல்லாந்து சாய்ந்து, பாதங்களைச் சேர்த்து முழங்கால்களை விரிக்கும் சுப்த பத்த கோணாசனத்தில் திண்டின் தரம் பளிச்சென்று தெரியும். திண்டை நீளவாக்கில் போட்டு, அதன் முனைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து அப்படியே சாயுங்கள். கீழ்முதுகு கிள்ளுவதுபோல் வலித்தால் உயரம் அதிகம், அல்லது முனையை மிக ஒட்டி உட்கார்ந்திருக்கிறீர்கள். இரண்டு விரற்கடை முன்னால் நகருங்கள். முகவாய் மேலே தூக்கியிருந்தால் கழுத்து இறுகும். நெற்றி முகவாயைவிடச் சற்று உயரமாகும்வரை தலைக்கு மடித்த போர்வை வையுங்கள். பாதங்கள் சேர்ந்து முழங்கால்கள் விரியும்போது இரண்டு தொடைக்கு அடியிலும் தலையணை வேண்டும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். உள்தொடை இழுபட்டு, ஐந்தாவது நிமிடமே நெளிய ஆரம்பிக்கிறார்கள். அசையாமல் கிடந்தால் உடம்பு குளிரும் என்பதால் ஒரு போர்வையும் பக்கத்தில் இருக்கட்டும்.

சுவரில் கால் சாய்க்கும் விபரீத கரணிக்கு, இடுப்புக்கு அடியில் வரும் திண்டைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். தொடையின் பின்தசை இறுக்கமானவர்கள் இன்னும் தள்ளலாம். கால் மரத்தால் முழங்காலை மடக்கி இறக்குங்கள். கிளாக்கோமா எனும் கண் அழுத்த நோயோ கட்டுப்படாத ரத்த அழுத்தமோ இருந்தால் இந்த ஆசனம் வேண்டாம். கர்ப்பிணிகள் கர்ப்ப காலத்தில் பாதி கடந்த பிறகு மல்லாந்து படுப்பதைத் தவிர்த்து, திண்டை அணைத்தபடி இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கலாம்.

வாரத்தில் ஒரு நாள் ஒன்றரை மணி நேரத்தைவிடத் தினம் 20 நிமிடம் செய்வதே நல்லது. எழும்போது பக்கவாட்டில் உருண்டு, கையை ஊன்றி எழுங்கள். தலை கடைசியில் வரட்டும்.