நிறுவனர் விலகும்போது: உள்ளாளா, வெளியாளா, வாரிசா, இணைப்பா?

வடசென்னையில் வியாசர்பாடியிலும் காசிமேட்டிலும் பல வருடமாக மாலை நேர டியூஷன் மையங்கள் நடத்தும் ஒரு தொண்டு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். ஊழியர்கள் இருபது பேர், ஆண்டுச் செலவு ஒரு கோடிக்குள். பணத்தில் ஒரு பங்கு வெளிநாட்டு நன்கொடை, மீதி மணலி, எண்ணூர்ப் பக்கத்துக் கம்பெனிகளின் சிஎஸ்ஆர் (சமூகப் பொறுப்பு) நிதி. தொடங்கியவர் விலகத் தீர்மானித்துவிட்டார். இந்த அளவுள்ள அமைப்புக்கு எங்கள் பரிந்துரை, உள்ளேயே வளர்ந்தவரிடம் ஒப்படைப்பதுதான். ஆனால் அது எங்கே சறுக்கும் என்று தெரிந்துகொண்டு செய்ய வேண்டும்.

உள்ளாளும் வெளியாளும்

பத்து வருடம் களத்தில் இருந்த ஒருங்கிணைப்பாளருக்கு எந்தத் தெருவில் எந்தப் பிள்ளை படிப்பை நிறுத்தியது, எந்தத் தலைமை ஆசிரியரிடம் எப்படிப் பேசுவது, மழை வந்தால் எந்த மையத்தில் முதலில் தண்ணீர் ஏறும் என்பதெல்லாம் அத்துப்படி. தெரியாதது பணப் பக்கம். பட்ஜெட் போட்டிருக்க மாட்டார், நன்கொடையாளருக்கு எழுதியிருக்க மாட்டார், ஆடிட்டரை நேரில் பார்த்தே இருக்க மாட்டார். இந்த மூன்றையும் பெரும்பாலும் நிறுவனரே கைக்குள் வைத்திருந்திருப்பார்.

இதைச் சரிசெய்ய ஒரு வருடம் வேண்டும். முதல் மூன்று மாதம் கணக்காளரோடு உட்கார்ந்து மாதக் கணக்கை முடிக்கட்டும். அடுத்த மூன்று மாதம் நன்கொடையாளர் அறிக்கைகள் அவர் பெயரிலேயே போகட்டும். பிறகு அடுத்த ஆண்டு பட்ஜெட்டை அவரே போட்டு நிர்வாகக் குழுவின் முன் வைக்கட்டும். கடைசியில் நிறுவனர் ஒரு மாதம் முழு விடுப்பில் போக வேண்டும். அந்த மாதம் எந்தெந்த வேலைக்காக அவருக்கு போன் வந்ததோ, அவையெல்லாம் இன்னும் கைமாறாதவை. அவற்றை முடித்த பிறகே விலகும் தேதியை அறிவிக்கலாம்.

வெளியிலிருந்து வருபவர் பணப் பக்கத்தில் முதல் நாளே தெளிவாக இருப்பார். சிக்கல் சம்பளத்தில் தொடங்கும். நிறுவனர் சம்பளமே வாங்காமலோ, பெயருக்கு ஒரு தொகை வாங்கியோ ஓட்டியிருப்பார். எந்தத் திட்டத்திலும் இயக்குநர் சம்பளத்துக்கு ஒதுக்கீடு இருக்காது. 2020-ல் திருத்தப்பட்ட எஃப்சிஆர்ஏ, அதாவது வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி, வெளிநாட்டு நிதியில் நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது; அதற்கு முன் 50 சதவீதம் வரை அனுமதி இருந்தது. ஆண்டுக்கு 40 லட்சம் வந்தால் வரம்பு 8 லட்சம். மாதம் 60 ஆயிரம் சம்பளம் என்றாலே 7.2 லட்சம் போய்விடும். அலுவலக வாடகைக்கும் ஆடிட்டருக்கும் எங்கே போவது? ஆக, உள்ளூர் நன்கொடையில் இந்தச் சம்பளத்துக்கு ஒரு வருடம் முன்பே வழி செய்திருக்க வேண்டும். உள்ளாளுக்கும் சம்பளம் உயர்த்தத்தான் வேண்டும், ஆனால் பள்ளம் இவ்வளவு ஆழமாக இருக்காது.

உள்ளே யாருக்கும் பொறுப்பேற்க விருப்பமில்லை, அல்லது கணக்கில் குளறுபடி இருக்கிறது, ஊழியர்களிடையே கோஷ்டி இருக்கிறது என்றால் வெளியாளே மேல். பழைய நட்புகள் இல்லாதவரால்தான் அதைச் சுத்தம் செய்ய முடியும்.

வாரிசு, இணைப்பு

பிள்ளைகள் பொறுப்புக்கு வருவதே தவறு என்பதில்லை. 1954-ல் அடையாறு புற்றுநோய் நிறுவனத்தைத் தொடங்கிய முத்துலட்சுமி ரெட்டியின் மகன் கிருஷ்ணமூர்த்தி அதே துறை மருத்துவர். குடும்பத்துக்கு வெளியிலிருந்து வந்த மருத்துவர் சாந்தாவும் அவரோடு சேர்ந்து அதை வளர்த்தார். வேலை தெரியாத வாரிசு என்றால் வேண்டாம். தெரிந்தவர் என்றாலும் விளம்பரம், நேர்காணல், குழுத் தீர்மானம் மூன்றும் கோப்பில் இருக்கட்டும். நிறுவனரின் உறவினருக்குத் தரும் சம்பளம் வேலைக்குத் தகுந்ததுதானா என்று வருமானவரித் துறை கேட்கும்.

பெரிய அமைப்போடு இணைந்தால் சம்பளம் நிற்காது, ஆனால் மையம் நிற்கலாம். எந்த மையங்கள் எத்தனை வருடம் தொடரும், ஊழியர்களின் பழைய பணிக்காலம் கிராஜுவிட்டிக்குச் சேருமா என்பவற்றை ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டும். கையிருப்பிலுள்ள வெளிநாட்டு நிதியை இன்னொரு அமைப்புக்கு மாற்ற 2020 முதல் தடை இருக்கிறது. வருமானவரிப் பதிவு இல்லாத அமைப்போடு இணைந்தால் நிகரச் சொத்து மதிப்பின் மீதே உச்ச விகிதத்தில் வரி விழும்.

நிறுவனர் எங்கே உட்காருகிறார்?

நல்ல உள்ளாளைத் தேர்ந்தெடுத்தும் கவிழ்வது இங்கேதான். பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸுக்கு உதவி கேட்டு ஒரு அம்மா மையத்துக்கு வருகிறார். குழு பார்த்துத்தான் சொல்லும் என்கிறார் புது இயக்குநர். “பரவால்லம்மா, நான் அண்ணன்கிட்டயே பேசிக்கிறேன்” என்று அந்த அம்மா படியிறங்கிப் போய் நிறுவனருக்கு போன் போடுகிறார். “சரிம்மா, நான் பாத்துக்கறேன்” என்று நிறுவனர் சொன்னால், அன்று சாயங்காலமே தெரு முழுக்கத் தெரிந்துவிடும், இன்னும் யாரிடம் அதிகாரம் இருக்கிறதென்று. “அவங்கதாம்மா முடிவு பண்ணுவாங்க, அவங்களையே பாருங்க” என்று சொல்லிப் பழக வேண்டும்.

அதனால் நிறுவனரைக் குழுத் தலைவராக்குவதை நாங்கள் எதிர்க்கிறோம். நன்கொடையாளர்களை அறிமுகப்படுத்த ஆறு மாத ஆலோசகர் பொறுப்பு போதும். காசோலையில் கையெழுத்து கூடாது, ஊழியர் கூட்டத்தில் நாற்காலி கூடாது. அதன்பின் ஒரு வருடம் முழு விலகல்.

காகித வேலை

சங்கமாகப் பதிவானது என்றால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன் கீழ், நிர்வாகக் குழு மாற்றத்தை மாவட்டப் பதிவாளரிடம் படிவம் 7-ல் மூன்று மாதத்துக்குள் தர வேண்டும். வங்கியும் அதன் நகலைக் கேட்கும். பழைய ஆண்டுகளின் தாக்கல் விடுபட்டிருந்தால் எல்லாமே அங்கே முட்டி நிற்கும்; முதலில் அதை முடியுங்கள். அறக்கட்டளை என்றால் பத்திரத்தில் புது அறங்காவலரை நியமிக்கும் அதிகாரம் யாருக்கு என்று பாருங்கள். அது பற்றிப் பத்திரத்தில் எதுவும் இல்லையென்றால் நீதிமன்றம் வரை போக நேரலாம். பிரிவு 8 கம்பெனி (லாப நோக்கமில்லாத கம்பெனி) என்றால் இயக்குநர் மாற்றத்துக்கு 30 நாளுக்குள் டிஐஆர்-12 படிவம். எஃப்சிஆர்ஏ பதிவு இருந்தால் பொறுப்பாளர் மாற்றத்துக்கு 45 நாளுக்குள் எஃப்சி-6இ படிவம்.

வருமானவரித் தளம், நெட் பேங்கிங், பி.எஃப்., தர்பண் (தொண்டு நிறுவனங்களுக்கான அரசுத் தளம்) எல்லாவற்றின் ஓடிபியும் நிறுவனரின் சொந்த செல்போனுக்கே வந்துகொண்டிருக்கும். நிறுவனப் பெயரில் ஒரு சிம் வாங்கி முதல் மாதமே மாற்றிவிடுங்கள்.

மாற்றத்துக்கு ஏற்ற காலம் ஜூலை, ஆகஸ்ட். ஜூனில் பள்ளி திறப்பு அலைச்சல். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வெள்ள நிவாரணம், கூடவே டிசம்பர் 31-க்குள் எஃப்சி-4 என்ற வெளிநாட்டு நிதி ஆண்டறிக்கைத் தாக்கல். மையத்தின் வாடகை ஒப்பந்தமும் அட்வான்ஸும் நிறுவனர் பெயரில் இருந்தால், அவர் பொறுப்பில் இருக்கும்போதே வீட்டுக்காரரிடம் நிறுவனத்தின் பெயரில் புது ஒப்பந்தம் போட்டுவிட வேண்டும்.