சின்ன ரீஃப் டேங்குக்கு எல்இடி லைட் வாங்கப் போகிறீர்களா? பணம் அனுப்பும் முன் இதைப் படியுங்கள்

‘நானோ ரீஃப் ஸ்பெஷல்’ (பவளம் வளர்க்கும் சின்னக் கடல்நீர்த் தொட்டிக்கானது) என்று சொல்லி வாட்ஸ்அப்பில் விற்கப்படும் 165 வாட் எல்இடி லைட்டை வாங்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். புகார் நடந்துகொண்டிருப்பதால் விற்றவரின் பெயரையும் எண்ணையும் போடவில்லை. ஆனால் அவர் என்ன சொல்லி விற்றார், அதில் எதெல்லாம் பொய், என் பவளங்கள் ஏன் வெளுத்தன என்பதை முழுசாகச் சொல்லிவிடுகிறேன். அதே பேச்சு நாளை உங்களிடமும் வரலாம்.

என் தொட்டி சின்னது. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம், சுமார் 55 லிட்டர். உள்ளே எல்லாமே சாஃப்ட் கோரல், அதாவது மென்பவளங்கள்தான்: சில ஜோவா கொத்துகள் (பூ மாதிரி விரிபவை), மஷ்ரூம் (காளான் வடிவப் பவளம்), ஒரு லெதர் (தோல் போன்ற, குடைத் தலை கொண்ட பவளம்). பழைய லைட் பழுதானதால் புதிது தேடினேன். விளம்பரத்தில் மூன்று வாக்குறுதி இருந்தது. ஓரடி ஆழத் தொட்டிக்கென்றே செய்தது. ‘அக்ளிமேஷன் மோட்’ உண்டு, அதாவது வெளிச்சத்தைச் சில வாரங்களில் தானே கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றும். மூன்றாவதாக, எந்த ஆழத்தில் எவ்வளவு ‘பார்’ (பவளத்துக்குப் பயன்படும் வெளிச்ச அளவு) கிடைக்கும் என்று ஒரு அட்டவணைப் படம். விலை 11,500 ரூபாய். பில் கேட்டதற்கு, “பெட்டிக்குள்ளயே இருக்கும் ப்ரோ” என்றார். யுபிஐயில் பணம் அனுப்பினேன்.

பெட்டிக்குள் பில் இல்லை. அக்ளிமேஷன் மோடும் இல்லை. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க, நீலத்துக்கு ஒன்று, வெள்ளைக்கு ஒன்று என இரண்டு திருகுகள், அவ்வளவுதான். கேட்டபோது, “அது புது மாடல்ல வரும். நீங்க ஃபுல்லா வச்சு பத்து மணி நேரம் ஓட்டுங்க, கலர் தூக்கும்” என்றார். நான் ஃபுல்லாக வைக்கவில்லை, பாதியில்தான் வைத்தேன். அப்படியும் முதலில் மஷ்ரூம்கள் ஓரம் சுருண்டு சிறுத்தன. அப்புறம் ஜோவாக்கள் வாயை மூடிக்கொண்டன. லெதரின் தலை, பழுப்பிலிருந்து மெழுகு மாதிரி வெளிறியது.

படம் அனுப்பினேன். முதல் பதில்: “வெளிச்சம் பத்தல, ஏத்துங்க.” ஏற்ற மாட்டேன் என்றதும், “அப்ப உங்க தண்ணிதான் சரியில்ல” என்று சொல்லி ஒரு கலர் பூஸ்டர் புட்டிக்கு விலை போட்டார். இந்த இரண்டு பதிலையும் மறக்காதீர்கள். வெளுக்கும் பவளத்துக்கு வெளிச்சத்தைக் கூட்டச் சொல்வது நேரடியாக அதைக் கொல்லும் யோசனை.

தண்ணீர் மீது பழி போட்டால் எப்படிச் சரிபார்ப்பது? பவளத்தைச் சுற்றிப் பாருங்கள். தண்ணீர் எல்லாப் பக்கமும் ஒரே தண்ணீர்தான். தண்ணீர் கெட்டிருந்தால் மேலும் கீழும் பாதிப்பு தெரியும். என் லெதரின் மேல்தட்டு வெளுத்திருந்தது, குடை போன்ற ஓரத்துக்கு அடியில் பழைய பழுப்பு அப்படியே இருந்தது. பாறையின் நிழலில் ஒதுங்கியிருந்த ஜோவாக்கள் நன்றாக விரிந்திருந்தன, உச்சியில் இருந்தவை மட்டும் மூடிக் கிடந்தன. லைட்டைப் பார்க்கும் பக்கம் மட்டும் வெளுத்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது லைட்டை. வெளிச்சம் குறைந்த தொட்டியில் வேறு மாதிரி நடக்கும்: ஜோவாக்கள் தண்டை நீட்டி மேலே எட்டிப் பார்க்கும், நிறமும் வெளுப்பதற்குப் பதில் பழுப்பாகும்.

இருந்தாலும் தண்ணீரையும் சோதித்தேன். உப்படர்த்தி 1.025, வெப்பம் 26 டிகிரி, நைட்ரேட் 5 பிபிஎம். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சுத்தமாகப் பூஜ்யமாக இருந்தால் பவளம் பட்டினியால் வெளிறும், அதனால் அதைப் பார்க்காமல் லைட்டை மட்டும் குறை சொல்லவும் கூடாது. என் தொட்டியில் அந்தப் பிரச்சினை இல்லை.

உள்ளே நடப்பது இதுதான். பவளத்தின் சதைக்குள் ஸூசாந்தெல்லே என்ற நுண்பாசி வாழ்கிறது. பழுப்பு நிறமும் உணவில் பெரும்பங்கும் அதிலிருந்துதான் வருகின்றன. ஒளி அளவு மீறினால் பாசியின் ஒளிச்சேர்க்கை அமைப்பு சேதமாகி, ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற அரிக்கும் ஆக்சிஜன் சேர்மங்கள் உண்டாகின்றன. அவை பவளத்தின் திசுவைத் தாக்க, பவளம் பாசியையே வெளியே தள்ளிவிடுகிறது. 2010இலும் 2016இலும் மன்னார் வளைகுடாவில் பவளங்கள் பெரிய அளவில் வெளுத்தபோது கடல் வெப்பம்தான் முக்கியக் காரணம். தொட்டியில் தண்ணீர் குளிர்ச்சியாகவே இருந்தாலும், திடீரென்று கூடும் வெளிச்சம் மட்டுமே அதே வேலையைச் செய்துவிடும்.

கொளத்தூரில் பல வருடமாகக் கடல்மீன் கடை வைத்திருக்கும் ஒரு அண்ணன் தன் அபோஜி பார் மீட்டரைக் கொண்டுவந்து அளந்து கொடுத்தார். ஒரு பைசா வாங்கவில்லை. பார் என்பது ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான ஒளியின் அளவு. என் மாதிரித் தொட்டிக்கு மஷ்ரூம்களுக்கு ஏறக்குறைய 50, ஜோவாவுக்கும் லெதருக்கும் 80 முதல் 150 இருந்தால் தாராளம். திருகு பாதியில் இருக்கும்போது லெதர் இருந்த இடத்தில் மீட்டர் காட்டியது 340. மணலில், மஷ்ரூம்கள் பக்கத்தில், 180. முழுசாகத் திருகியதும் லெதர் இடத்தில் 560. அதாவது திருகைப் பாதியாக்கினால் வெளிச்சம் பாதியாவதில்லை. லைட் அணைவதற்கு முந்தைய கடைசிப் புள்ளியில்கூட அங்கே 130 இருந்தது. லெதருக்கு அது தாராள அளவின் மேல்பகுதி. வெளுத்த பவளத்துக்காக அதற்கும் கீழே, நானோ தொட்டிக்கென்று விற்ற இந்த லைட்டைத் திருகால் இறக்கவே முடியாது.

விளம்பரத்தின் அட்டவணை அதே இடத்தில் 120 என்றது. அந்தப் படத்தை இணையத்தில் தேடினேன். முற்றிலும் வேறொரு வெளிநாட்டு லைட்டின் படம், இரண்டடி ஆழத் தொட்டியில் அளந்தது, பெயரை மட்டும் வெட்டியிருக்கிறார்கள். 165 வாட் என்பதும் 55 எல்இடியை 3 வாட்டால் பெருக்கிய கணக்கு. பிளக் மீட்டரில் பார்த்தால் இழுப்பது 110 வாட் பக்கம்தான். அது சின்னப் பொய். பெரிய பொய் அந்த அட்டவணை. அதை நம்பித்தான் ஒருவர் லைட்டை எந்த உயரத்தில் தொங்கவிடலாம் என்று முடிவு செய்வார்.

“கண்ணுக்கு மங்கலாத்தானே இருக்கு ப்ரோ, எப்படி வெளுக்கும்?” என்பது அவரிடமிருந்து வந்த இன்னொரு கேள்வி. நம் கண் பச்சைக்குப் பக்கத்தில், 555 நானோமீட்டர் அளவில்தான் அதிகம் உணரும். ரீஃப் லைட்டின் நீலம் 450 பக்கம் இருக்கும். பவளப் பாசி அதை நன்றாக உறிஞ்சும், நமக்கோ மங்கலாகத் தெரியும். போனில் வெளிச்சம் அளக்கும் லக்ஸ் ஆப்பும் கண்ணின் கணக்கைப் பின்பற்றுவதால் நீலத்தைக் குறைத்தே காட்டும். கண்ணையோ ஆப்பையோ நம்பி நீலத் திருகை ஏற்றாதீர்கள்.

மீட்டர் படங்களை அனுப்பிப் பணத்தைத் திருப்பிக் கேட்டபோது அவர் கொடுத்த பதில்தான் என்னை மிகவும் கோபப்படுத்தியது. பணம் தர முடியாது, பதிலுக்கு “லோக்கல் ஹார்டு கோரல்” ஒன்று தருகிறேன் என்றார். தயவுசெய்து யாரும் இந்த வலையில் விழாதீர்கள். நம் கடலின் கல்பவளங்கள் எல்லாமே 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. எடுத்தாலும் விற்றாலும் வைத்திருந்தாலும் குற்றம், குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு வரை சிறை. மன்னார் வளைகுடாவில் ஏற்கெனவே வெளுத்து வெளுத்து மிஞ்சியிருப்பதை உடைத்து எடுத்து வந்து ஒரு டப்பா லைட்டுக்கு ஈடு என்பதா?

இதே மாதிரி லைட் உங்களிடம் ஏற்கெனவே இருந்தால், தூக்கிப் போட வேண்டியதில்லை. திருகால் முடியாததை உயரத்தால் செய்யலாம். நான் கம்பியில் கட்டி, தண்ணீர் மட்டத்திலிருந்து 40 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஏற்றினேன். தொட்டியின் மேல் கொசுவலையை இரண்டு மடிப்பாக விரித்தேன் (லைட்டின் சூடான அடிப்பக்கத்தில் வலை படக்கூடாது). வெள்ளையை ஏறக்குறைய அணைத்து, நீலத்தைக் கடைசிப் புள்ளியில் வைத்து, டைமரில் ஆறு மணி நேரம். மஷ்ரூம்களைப் பாறை நிழலுக்கு மாற்றினேன். பவளங்கள் விரிய ஆரம்பித்த பிறகே முதல் மடிப்பு வலையை எடுத்தேன். அடுத்ததை எடுக்க ஒரு வாரமாவது விடுங்கள், லைட் எரிவதையும் நாளுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் கொண்டுபோகாதீர்கள். திருகை ஏற்றினால் வாரத்துக்கு 5 சதவீதம் போதும். ஒரே நாளில் வலை, நேரம், திருகு மூன்றையும் மாற்றினால் எது பாதித்தது என்றே தெரியாது. ஜோவாக்கள் இப்போது திறக்கின்றன, லெதரின் தலையில் பழுப்பு திரும்பி வருகிறது. சில மஷ்ரூம்கள் போய்விட்டன.

புதிதாக வாங்குபவர்கள் வாட் எவ்வளவு என்று கேட்காதீர்கள். உங்கள் தொட்டியின் ஆழத்தைச் சொல்லி, இந்த உயரத்தில் தொங்கவிட்டால் அடியிலும் நடுவிலும் பார் எவ்வளவு, அளந்த வீடியோ இருக்கிறதா, மிகக் குறைந்த அளவில் எவ்வளவு என்று கேளுங்கள். அக்ளிமேஷன் மோட் இருக்கிறது என்றால், அது இயங்குவதை ஆப்பில் காட்டச் சொல்லுங்கள். ஏஐ ப்ரைம், ரேடியான் போன்ற லைட்டுகளில் அது உண்மையாகவே உண்டு, அதனால்தான் அந்தப் பெயரை இவர்கள் திருடுகிறார்கள். பில் கைக்கு வராமல் பணம் அனுப்பாதீர்கள். பெட்டி பிரிப்பதை வீடியோ எடுங்கள். விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், ஏனென்றால் நான் புகார் என்று சொன்ன அன்றே அந்த விளம்பரம் மாயமானது.

விளம்பரத்தில் சொன்ன அம்சம் பொருளில் இல்லையென்றால் திருப்பி எடுக்க மறுக்கக் கூடாது என்பது 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளிலேயே இருக்கிறது. நான் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்துவிட்டேன். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும். மீட்டர் படங்கள், வாட்ஸ்அப் உரையாடல், யுபிஐ ரசீது எல்லாவற்றையும் அச்செடுத்துக் கோப்பாக வைத்திருக்கிறேன். இதே அட்டவணைப் படத்தைக் காட்டி உங்களுக்கும் யாராவது விற்றிருந்தால் அந்தப் படத்தை எனக்கு அனுப்புங்கள், மனுவோடு சேர்க்கிறேன்.