சுகதா சான்ஷிரோ: முதல் பாகமா, இரண்டாம் பாகமா?

ஜூடோ குருவையும் சீடன் சான்ஷிரோவையும் பற்றி ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவா எடுத்தவை இரண்டு படங்கள். 1943-இல் வந்தது அவருடைய முதல் படம். தெருச்சண்டை போட்டுவிட்டு வந்த சான்ஷிரோவை குரு யானோ கடிந்துகொள்கிறார். வீம்பில் அவன் குளத்தில் குதித்து, இரவெல்லாம் ஒரு முளைக்குச்சியைப் பற்றிக்கொண்டு நிற்கிறான். விடியும்போது தாமரை பூக்கிறது. வசனத்துக்கு அங்கே வேலையே இல்லை. காற்றில் புல் அலையடிக்கும் மேட்டில் நடக்கும் கடைசிச் சண்டையும் அப்படித்தான். தணிக்கையில் வெட்டுப்பட்ட பிரதிதான் இன்று கிடைக்கிறது, அதுவே போதும்.

1945-இல் வந்த இரண்டாம் பாகம், சரி, போர்க்காலப் பிரசாரம். அமெரிக்கக் குத்துச்சண்டைக்காரனை வீழ்த்துவதெல்லாம் வெறும் கைதட்டலுக்கு. பனியில் நடக்கும் சண்டைக்காக வேண்டுமானால் ஒருமுறை பார்க்கலாம். குரு-சீடன் உறவுக்கு என் ஓட்டு முதல் படத்துக்கே.